வெள்ளம் ஆற்றில் வராத ஊர்கள்

2018 ஜூன் 23 அன்று தாய்லாந்தின் சியாங் ராய் மாகாணத்தில் தாம் லுவாங் குகைக்குள் 12 சிறுவர்களும் அவர்களுடைய கால்பந்துப் பயிற்சியாளரும் சிக்கிக்கொண்டது ஊரறிந்த கதை. நீருக்குள் நீந்திப் போய் அவர்களை மீட்டவர்களைப் பற்றி நிறையப் பேசினோம். அதே நாட்களில் குகைக்கு மேலே, மலைக்காட்டில் நடந்த வேலையைப் பற்றி அவ்வளவாகப் பேசவில்லை. ஓடைகள் எந்தெந்த இடத்தில் தரைக்குள் மறைகின்றன என்று ஆட்கள் தேடித் திரிந்தார்கள். கண்டுபிடித்த இடங்களில் தடுப்புக் கட்டி, குழாய் போட்டு, நீரை வேறு பக்கம் திருப்பினார்கள். மேலே இருக்கும் துளைகள் வழியாக நீர் இறங்கிக்கொண்டே இருந்தால், கீழே எத்தனை மோட்டார் வைத்து இறைத்தாலும் மட்டம் குறையாது. ஜூலை 10 அன்று கடைசிச் சிறுவனும் பயிற்சியாளரும் வெளியேறிய பிறகு முக்கியமான பம்பு ஒன்று நின்றுபோனது. உள்ளே இன்னும் மீட்புப் பணியாளர்கள் இருக்கும்போதே தண்ணீர் மளமளவென்று ஏறியது.

அந்த மலை சுண்ணாம்புப் பாறை. கரையக்கூடிய பாறையால் ஆன இத்தகைய நிலத்தைப் புவியியலில் கார்ஸ்ட் என்கிறார்கள். உலகில் ஏறத்தாழ பத்தில் ஒருவர் கார்ஸ்ட் நிலத்து நீரைத்தான் குடிக்கிறார். ஆனால் அங்கே வரும் வெள்ளத்தைப் புரிந்துகொள்ள, நமக்குப் பழக்கமான ஆற்று வெள்ளத்தின் கணக்கு எதுவும் உதவாது. ஆறு கரை மீறுவதில்லை. பல இடங்களில் ஆறே கிடையாது. தரைக்கு அடியில் இருக்கும் குழாய்களால் வரும் நீரைக் கொண்டுபோக முடியாதபோது, மிச்சம் மேலே வந்து நிற்கிறது. வடிகாலாக இருந்த குழியே ஊற்றாக மாறுகிறது.

மழைநீர் மண்ணில் இறங்கும்போது, வேர்களும் நுண்ணுயிர்களும் வெளியிடும் கரியமில வாயுவைச் சேர்த்துக்கொண்டு மெல்லிய அமிலமாகிறது. மணற்கல்லையோ கருங்கல்லையோ அது பெரிதாக ஒன்றும் செய்யாது. சுண்ணாம்புப் பாறையின் வெடிப்புகளைக் கரைத்துக் கரைத்து அகலமாக்கும். அதிக நீர் போகும் வெடிப்பு அதிகமாகக் கரையும். அதிகமாகக் கரைந்த வெடிப்பு இன்னும் அதிக நீரை இழுக்கும். பல்லாயிரம் ஆண்டுகளில் சில வெடிப்புகள் மட்டும் ஆள் நடந்து போகும் சுரங்கங்களாகிவிடுகின்றன, மற்றவை மயிரிழையாகவே நின்றுவிடுகின்றன. அதனால் ஒரே பாறைக்குள் நீர் மூன்று விதமாக இருக்கிறது: பாறையின் நுண்துளைகளில் ஏறக்குறைய அசையாமல், வெடிப்புகளில் மெதுவாக, சுரங்கங்களில் ஆற்றின் வேகத்தில். பக்கத்துப் பக்கத்தில் தோண்டிய இரண்டு கிணறுகளில் ஒன்று பொங்கி வழிவதும், மற்றொன்று வறண்டு கிடப்பதும் இதனால்தான்.

வெள்ளத்துக்கு இதைவிட முக்கியமான காரணம் ஒன்று உண்டு, அது கொஞ்சம் கணக்கு. மணல் படுகையில் நீரோட்டம் அழுத்தத்துக்கு நேர் விகிதத்தில் கூடும். மட்டம் இரண்டு மடங்கு உயர்ந்தால் ஓட்டமும் இரண்டு மடங்காகும். நீர் நிரம்பிய சுரங்கத்தில், சுழித்து ஓடும் நீருக்கு அந்த விதி பொருந்தாது. அங்கே ஓட்டம் அழுத்தத்தின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது. வெளியேறும் நீரை இரட்டிப்பாக்க வேண்டுமென்றால் பின்னால் நிற்கும் நீர் நான்கு மடங்கு உயர வேண்டும். மும்மடங்காக்க ஒன்பது மடங்கு. ஒரு குறுகிய இடுக்கு போதும், பின்னால் நீர் பயங்கர உயரத்துக்கு ஏறிவிடும். ஸ்லோவேனியாவின் ஷ்கோட்சியான் குகைகளுக்குள் ரேகா ஆறு நுழைகிறது. 1965 வெள்ளத்தில் அந்தக் குகைக்குள் நீர் மட்டம் 100 மீட்டருக்கும் மேல் உயர்ந்தது. வெளியில் ஓடும் எந்த ஆறும் இப்படி உயராது. அதற்கு அகலமாகப் பரவ இடம் இருக்கும்.

கார்ஸ்ட் என்ற பெயரே ஸ்லோவேனியா, இத்தாலி எல்லைப் பகுதியிலிருந்து வந்தது. அங்கிருந்து வடகிழக்கே செர்க்னிட்சா ஏரி. மழைக்காலத்தில் 20 சதுர கிலோமீட்டருக்கும் மேல் விரிந்து கிடக்கும்; கோடையில் அதே இடத்தில் புல் அறுப்பார்கள். மீன் பிடித்த இடத்தில் வைக்கோல் போர். இந்த ஏரி எப்படி நிரம்புகிறது, எப்படிக் காலியாகிறது என்று விளக்கி எழுதியதற்காகவே இன்றைய ஸ்லோவேனியாவில் அடங்கிய கார்னியோலாவின் பிரபு வால்வசோர் 1687-இல் லண்டன் ராயல் சொசைட்டியின் உறுப்பினராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். நிலத்தடித் தொட்டிகளும் வளைகுழாய்களுமாக அவர் வரைந்த அமைப்பு விவரத்தில் தவறுதான். ஆனால் நீர் போவதும் வருவதும் குழாய்களின் கொள்ளளவைப் பொறுத்தது என்ற அடிப்படையை அவர் பிடித்துவிட்டார்.

அவருக்குப் பின் வந்த பொறியாளர்கள் அந்த ஏரியை வழிக்குக் கொண்டுவர இரண்டு திசையிலும் முயன்றார்கள். 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் விளைநிலத்தைக் காப்பாற்ற வேண்டும், வெள்ளம் சீக்கிரம் வடிய வேண்டும் என்றார்கள். புட்டிக் என்ற வனப் பொறியாளர் குகைகளுக்குள் இறங்கி வழிகளைத் தேடினார், நீர் தரைக்குள் இறங்கும் விழுங்குகுழிகளைச் சுத்தம் செய்தார், பக்கத்துப் பிளானினா சமவெளியில் மரக்கட்டையும் குப்பையும் போய் அடைக்காமல் இருக்கக் குழிகளின் மேல் இரும்புக் கம்பி போட்டார். 1960-களின் இறுதியில் காற்று மாறியது. ஏரி நிரந்தரமாக இருந்தால் சுற்றுலா வளரும் என்று, நீர் வெளியேறும் குகை வாய்களைக் கான்கிரீட் போட்டு மூடினார்கள். வாய்களை மூடினால் என்ன, ஏரியின் அடித்தரை முழுவதும் ஓட்டை! நீர் தன் பாட்டுக்கு இறங்கிப் போய்விட்டது. சமவெளியும் அடங்கவில்லை. 2014 பிப்ரவரியில் பனிமழைக்குப் பின் பிளானினாவில் ஏறிய வெள்ளம் வீடுகளுக்குள் புகுந்து வாரக்கணக்கில் நின்றது.

நீர் எந்த வேகத்தில் போகிறது, எங்கே போய் வெளிவருகிறது என்பதை அறியச் சாயம் கலப்பதுதான் இன்றுவரை நம்பகமான வழி. அதன் முதல் பெரிய சோதனை தெற்கு ஜெர்மனியில் நடந்தது. அங்கே டானூப் ஆறு இம்மென்டிங்கன் பக்கம் தன் படுகைக்குள்ளேயே மறைகிறது. வறண்ட காலத்தில் படுகையில் கூழாங்கல் மட்டும் கிடக்கும். 1877 அக்டோபரில் அடோல்ஃப் க்னோப் என்ற புவியியலாளர் அந்த இடத்தில் உப்பும் எண்ணெயும் 10 கிலோ பச்சைச் சாயமும் கொட்டினார். ஏறத்தாழ 60 மணி நேரத்தில், 12 கிலோமீட்டருக்கு அப்பால் ஆஹ் ஊற்று பச்சையாகப் பொங்கியது. மணிக்கு 200 மீட்டர். மணல் படுகையில் நிலத்தடி நீர் ஓராண்டில்கூட அவ்வளவு தூரம் போகாமல் இருக்கலாம். இதில் இன்னொரு வேடிக்கை: டானூப் கருங்கடலுக்குப் போகும் ஆறு, ஆஹ் ஊற்றின் நீர் ரைன் வழியாக வடகடலுக்குப் போகிறது. மேற்பரப்பில் வரைந்த நீர்ப்பிடிப்பு எல்லையைக் கீழே இருக்கும் நீர் மதிப்பதில்லை. ஆற்று நீரை இழந்த ஊர்களுக்கும் ஊற்று நீரில் ஆலை ஓட்டியவர்களுக்கும் நடந்த சண்டை 1927-இல் நீதிமன்றத்தில் ஏறியது.

இந்த வேகத்துக்கு ஒரு விலை உண்டு. மணலில் மெதுவாக ஊறி இறங்கும் நீர் வடிகட்டப்படும். சுரங்கத்தில் பாயும் நீர் கூடவே எல்லாவற்றையும் இழுத்து வரும். கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் வாக்கர்ட்டன் என்ற சிறு ஊரில், 2000 மே மாதம் பெருமழைக்குப் பின் மாட்டுச் சாணத்திலிருந்து வந்த கிருமி ஊர்க் கிணற்றில் கலந்தது. 7 பேர் இறந்தார்கள். 2,300-க்கும் மேற்பட்டோர் நோயுற்றார்கள். குளோரின் சரியாகப் போடாததும், கண்காணிப்பில் நடந்த தவறுகளும் விசாரணையில் வெளிவந்தன. பாறையும் தன் பங்கைச் செய்திருந்தது. அந்தக் கிணற்றின் கீழே இருந்தது வெடிப்புகள் நிறைந்த, கரையும் பாறை.

நமக்கு மிக அருகில் இருக்கும் உதாரணம் யாழ்ப்பாணம். குடாநாடு முழுவதும் மயோசீன் என்ற பழைய புவியியல் காலத்துச் சுண்ணாம்புப் பாறை. அதன் மேல், குடாநாட்டின் வலிகாமப் பகுதியில், செம்பாட்டு மண். மாரி மழை நேராக உள்ளே இறங்கிவிடும். வழுக்கையாற்றைத் தவிர ஆறு என்று சொல்ல எதுவும் இல்லாததற்கு அதுவே காரணம், அதுவும் மாரியில் மட்டும் ஓடுவது. பாறை கரைந்து கூரை இடிந்து உண்டான பள்ளங்கள்தான் ஊரெழுப் பொக்கணையும் புத்தூர் நிலாவரையும். இராமர் அம்பு எய்து உண்டாக்கியது என்று ஊர் சொல்லும் நிலாவரையில் மேலே நன்னீர், ஆழம் போகப் போக உப்பு. இதில் மாயம் ஒன்றுமில்லை. மழையால் ஊறிய நன்னீர் கடல்நீரை விடச் சற்றே இலேசானது என்பதால் அதன் மேல் மிதக்கிறது. கடல் மட்டத்துக்கு மேலே ஒரு மீட்டர் நன்னீர் நின்றால், கீழே சுமார் 40 மீட்டர் வரை நன்னீர் இருக்கும் என்பது ஏட்டுக் கணக்கு. அதையே திருப்பிப் பார்த்தால் அச்சமாக இருக்கும்: இறைத்து மேல் மட்டத்தை ஒரு மீட்டர் இறக்கினால், கீழிருந்து உப்பு 40 மீட்டர் மேலேறப் பார்க்கும்.

குடாநாட்டின் வெங்காயமும் புகையிலையும் இந்த நீரில்தான் விளைகின்றன. தோட்டத்துக்குப் போட்ட உரமும், பாறை மேல் தோண்டிய மலக்குழிகளும் சேர்ந்து பல கிணறுகளில் நைத்திரேற்று அளவைப் பாதுகாப்பான எல்லைக்கு மேலே கொண்டுபோயின. சுன்னாகத்தில் கிணறுகளில் எண்ணெய் கலந்த விவகாரம் இலங்கையின் உச்ச நீதிமன்றம் வரை போய் 2019-இல் தீர்ப்பானது. வேறு மண்ணாக இருந்திருந்தால் ஒரு வளவோடு நின்றிருக்கக்கூடிய அழுக்கு, இங்கே ஊர் ஊராகப் போக வழி இருக்கிறது.

கீரிமலையில் நன்னீர் ஊற்று கடலோரத்திலேயே கேணிக்குள் வருகிறது. உள்நாட்டில் இறங்கிய மழை பாறை வழியாக நடந்து, கடலில் கலப்பதற்குச் சில அடி முன்னால் தலைகாட்டும் இடம் அது. இதே மாதிரி இடம் ஒன்று அயர்லாந்தின் மேற்குக் கரையில், கால்வே மாவட்டத்துக் கின்வாராவில் இருக்கிறது. அங்கே ஊற்றுகள் கடலின் ஓதம் ஏறும்போது கடலுக்குள் முழுகிவிடும், இறங்கும்போது வெளியே தெரியும். அந்த ஊற்றுகளுக்குப் பின்னால் இருக்கும் கோர்ட் தாழ்நிலத்தைப் போல் கார்ஸ்ட் வெள்ளத்தைப் பாடமாகக் காட்டும் இடம் உலகில் அதிகம் இல்லை.

கிழக்கே ஸ்லீவ் ஆக்டி மலைகள். நீர் இறங்காத மணற்கல், அதன் மேல் சதுப்புக் கரிமண். அங்கே பெய்யும் மழை உடனே ஓடைகளாகி மேற்கே இறங்கும். சுண்ணாம்புப் பாறை தொடங்கியதும் ஓடைகள் ஒவ்வொன்றாக மறையத் தொடங்கும். லாக் குட்ரா ஏரியிலிருந்து வரும் ஆறு ‘பஞ்ச்பவுல்’ என்ற பெரும் பள்ளத்தில் விழுந்து மறைகிறது. கொஞ்ச தூரம் போய் மறுபடி எழுந்து, கோர்ட் நகரத்தின் ஊடாக ஓடி, மறுபடி மறைகிறது. பிறகு கூல் ஏரி. அதற்குப் பின் கின்வாரா வரை, சாதாரண நாட்களில், கண்ணில் படும் ஆறே இல்லை. மொத்த நீரும் தரைக்கு அடியில் போகிறது.

குழாயில் இடம் போதாமல் மேலே வரும் நீர் நிற்கும் பள்ளங்களுக்கு அயர்லாந்தில் டர்லாக் என்று பெயர். நாட்டில் சுமார் 400 டர்லாக்குகள் இருக்கின்றன. மாரியில் ஏரி, கோடையில் மேய்ச்சல் நிலம். சிலவற்றில் நீர் 10 மீட்டருக்கும் மேல் ஏறி இறங்கும். காஹர்கிளாசான் என்ற டர்லாக் கடலிலிருந்து சுமார் 5 கிலோமீட்டர் உள்ளே இருக்கிறது. நீர் தாழ்ந்திருக்கும் காலத்தில் அது ஓதத்தோடு சேர்ந்து ஏறி இறங்குகிறது. உப்பு நீர் அங்கே வருவதில்லை. கடல் ஏறும்போது வெளிவாயின் அழுத்தம் கூடி, பின்னால் இருக்கும் நன்னீர் தேங்குகிறது, அவ்வளவுதான். கடல் மட்டம் நிரந்தரமாக உயர்ந்தால் இந்த ஊர்களுக்கு என்ன ஆகும் என்பதைக் கடற்கரையே காணாத ஒரு மாட்டுப் பண்ணைக்காரர் கவலைப்பட வேண்டிய நிலை.

டப்ளின் டிரினிட்டி கல்லூரி ஆய்வாளர்கள் இந்த நிலத்தடி அமைப்பைக் கணினியில் உருவாக்க முயன்றபோது நிலத்தடி நீருக்கான வழக்கமான மென்பொருள் கைகொடுக்கவில்லை. நகரங்களின் கழிவுநீர்க் குழாய் வலைக்காக எழுதப்பட்ட மென்பொருளை எடுத்து, டர்லாக்குகளைத் தொட்டிகளாகவும் சுரங்கங்களைக் குழாய்களாகவும் வைத்துப் பார்த்தார்கள். பொருந்தியது. இந்த வெள்ளம் எப்படிப்பட்டது என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி வேண்டியதில்லை.

2009 நவம்பரில் அயர்லாந்தின் பல மழைமானிகளில் அதுவரை பதிவான நவம்பர் மழையெல்லாம் பின்தங்கிப்போனது. 2015-16 குளிர்காலத்தில் மறுபடியும் அப்படியே. தெற்கு கால்வேயில் சாலைகள் வாரக்கணக்கில் நீருக்குள் கிடந்தன, வீடுகள் தீவுகளாயின, மாடுகளுக்குத் தீவனம் கொண்டுபோக டிராக்டர்கள் நீரைக் கிழித்துப் போயின. கவிஞர் யேட்ஸ் வாழ்ந்த தூர் பாலிலீ கோபுரத்துக்குள்ளும் இரண்டு முறையும் நீர் புகுந்தது. ஆற்று வெள்ளம் என்றால் இரண்டு நாள் தாங்கினால் வடிந்துவிடும் என்ற நம்பிக்கை உண்டு. இங்கே மழை நின்ற பிறகும் மட்டம் ஏறும், நின்று வெகுநாள் கழித்துத்தான் இறங்கும்.

காரணம் மேலே சொன்ன வர்க்கமூலக் கணக்குதான். வெளியேறும் குழாய் ஏறத்தாழ ஒரே அளவு நீரைத்தான் கடத்தும். உள்ளே வருவது அதைவிடக் கூடுதலாக இருக்கும் ஒவ்வொரு நாளும் மிச்சம் சேர்ந்துகொண்டே போகும். ஒரே நாளில் கொட்டும் 100 மில்லிமீட்டரை டர்லாக் பொறுத்துக்கொள்ளக்கூடும். ஆறு வாரம் விடாமல் தூறினால் பொறுக்காது. வானிலை அறிக்கை சிவப்பு எச்சரிக்கை விடும் நாட்கள் ஒன்று, இங்கே ஆபத்து வரும் நாட்கள் வேறொன்று. எச்சரிக்கை முறைகள் பெரும்பாலும் மணிக்கணக்கு மழைக்கும் ஆற்றின் உச்ச மட்டத்துக்கும் ஏற்ப வடிவமைக்கப்பட்டவை. நான்கு மாத மழையைக் கூட்டிப் பார்க்கும் முறை இருந்தால் ஒழிய கோர்ட் பக்கத்து விவசாயிக்கு அவற்றால் பெரிய பயன் இல்லை.

2015-16-க்குப் பிறகுதான் அயர்லாந்துப் புவியியல் ஆய்வகம் இந்த வெள்ளத்தைத் தனியாகக் கணக்கெடுக்கத் தொடங்கியது. டர்லாக்குகளில் அளவுமானிகள் வைத்தார்கள். மேகத்தை ஊடுருவிப் பார்க்கும் சென்டினல்-1 ரேடார் செயற்கைக்கோள் படங்களிலிருந்து நீர் பரவிய பரப்பை எடுத்தார்கள். அதற்கு முன்பு ஆதாரம் என்று இருந்தது முதியவர்களின் நினைவும் கல்சுவர்களும். டர்லாக்கைச் சுற்றிய சுவர்களில், வழக்கமாக நீர் ஏறும் உயரம் வரை ஒரு கரும்பாசி படரும். அந்தக் கோட்டுக்குக் கீழே யாரும் வீடு கட்டுவதில்லை. பழைய வீடுகள் பலவும் அப்படித்தான் தப்பின.

தீர்வு என்று வந்தால் யோசனை எளிது: கோர்ட் பக்கத்திலிருந்து கின்வாராவுக்கு, உபரி நீர் போக ஒரு வாய்க்கால். 1990-களின் தொடர் வெள்ளங்களுக்குப் பின் விரிவாக ஆராய்ந்தார்கள்; செலவுக்கு ஏற்ற பயன் இல்லை என்று ஒதுக்கினார்கள், பிறகு மறுபடி எடுத்தார்கள். தடைகளும் சொத்தையானவை அல்ல. டர்லாக்குகள் ஐரோப்பிய ஒன்றியச் சட்டத்தில் முன்னுரிமைப் பாதுகாப்பு பெற்ற வாழிடங்கள். வெள்ளம் வந்து போவதை நம்பியே அங்கே செடியும் பறவையும் வாழ்கின்றன. நீரை வடித்துவிட்டால் பாதுகாக்க எதுவும் மிஞ்சாது. கின்வாரா விரிகுடாவில் சிப்பி வளர்க்கிறார்கள். திடீரென்று நன்னீர் வெள்ளம் புகுந்தால் அவர்கள் தொழில் படும் பாடு வேறு. என் பார்வையில், எல்லா வெள்ளத்தையும் ஒழிக்கும் வாய்க்கால் வேண்டாம். குறிப்பிட்ட மட்டத்துக்கு மேலே ஏறும் நீரை மட்டும் எடுக்கும் ஆழமற்ற வாய்க்கால் போதும். வீடும் தப்பும், டர்லாக்கும் தப்பும். ஆனால் அந்த மட்டம் எது என்று முடிவு செய்வதில்தான் ஊர் இரண்டுபடும்.

ரோஸ்காமன் மாவட்டத்தில் லாக் ஃபன்ஷினா என்றொரு ஏரி. பழைய நாளில் சில ஆண்டுகளுக்கு ஒரு முறை முழுவதும் வடிந்து காணாமல் போகும் ஏரி என்று பெயர் எடுத்தது. 2016 முதல் அது இறங்க மறுக்கிறது. விழுங்குகுழி அடைபட்டுவிட்டது என்பாரும் உண்டு, மழை கூடியதுதான் காரணம் என்பாரும் உண்டு. உபரி நீரை லாக் ரீ ஏரிக்குக் கொண்டுபோகக் குழாய் பதிக்கும் வேலையை மாவட்ட நிர்வாகம் 2021-இல் அவசர அவசரமாகத் தொடங்கியது. உரிய சுற்றுச்சூழல் மதிப்பீடு செய்யவில்லை என்று ஒரு சூழலியல் அமைப்பு நீதிமன்றம் போனது, வேலை பாதியில் நின்றது. 2024-இல் நீர் மறுபடி வீடுகளைச் சூழ்ந்தது. மணல் மூட்டை அடுக்கி, இரவும் பகலும் பம்பு ஓட்டி வாழ்ந்த குடும்பங்களுக்கு மதிப்பீட்டு அறிக்கைகளைக் கேட்கப் பொறுமை இருந்திருக்காது. குழாய் போய்ச் சேரும் லாக் ரீ, ஷானன் ஆற்றின் பாதையில் இருக்கிறது. அதன் தென்முனையில் அத்லோன் நகரம். ஃபன்ஷினா நிரம்பி வழியும் அதே குளிர்காலங்களில் ஷானனும் கரை தொட்டு ஓடும், அத்லோன் மக்களும் வாசலில் மணல் மூட்டை அடுக்குவார்கள்.